ஒலியைப் பங்கிட்ட பெட்டி

நம் மேசைமீது ஒரு சிறு தகரப் பெட்டி இருக்கிறது. ஒரு காலத்தில் பிஸ்கட்டு அடைத்து விற்கப்பட்ட பெட்டி அது. அதன் ஒரு பக்கத்திலிருந்து வால்போல ஒரு கம்பி நீண்டு, நுனியில் ஒரு பிளக்கைத் தாங்கியிருக்கிறது. மறுபக்கத்தில் இரண்டு துளைகள். வானொலிப் பெட்டியிலோ கணிப்பொறியிலோ ஹெட்போன் செருக வேண்டிய இடத்தில் அந்த வாலைச் செருகிவிட்டால், ஒருவர் மட்டும் கேட்கக்கூடிய ஒலியை இருவர் கேட்கலாம். பெட்டிக்குள் இருப்பவை அனைத்தும் பிறர் வேண்டாமென்று எறிந்தவை: பழுதான டேப் ரிக்கார்டர்களிலிருந்து கழற்றிய இரண்டு ஜாக்குகள், அறுந்துபோன ஒரு ஹெட்போனின் கம்பி, உடைந்த மின்பலகை ஒன்றிலிருந்து எடுத்த நான்கு மின்தடைகள். பழைய சாமான்களை எடைக்கு வாங்கி விற்கும் கடையைத் திருவனந்தபுரத்தில் ஆக்ரிக்கடை என்பார்கள். சென்னையில் காயலான் கடை என்பதும் அதுவே. திருவனந்தபுரத்து ஆக்ரிக்கடை ஒன்றில் இவையனைத்தும் ஒரு வேளைச் சிற்றுண்டிச் செலவில் நமக்குக் கிடைத்தன.

இவ்வளவு எளிய ஒரு பெட்டிக்கு வரலாறும் உண்டோ என்று அன்பர்கள் வினவலாம். உண்டு. கருவி ஒன்று, அதைக் கேட்க விழையும் செவிகளோ பல. இந்த இக்கட்டை மனிதர் எவ்வெவ்வாறு தீர்த்துக்கொண்டனர் என்பதே அவ்வரலாறு. நம் நாட்டில் வானொலி பரவிய கதையே பெரும்பாலும் இந்தப் பங்கீட்டின் கதைதான். வீட்டுக்கொரு பெட்டி என்ற நிலை வருவதற்கு வெகுகாலம் முன்பே, ஊருக்கொரு பெட்டி என்ற நிலையில் வானொலி நம் மக்களை அடைந்துவிட்டது.

முதலில் பெட்டியின் உறுப்புகளைப் பற்றிச் சிறிது சொல்வோம். பிளக்கும் ஜாக்கும் பிறந்தது வானொலிக்காக அன்று. 1878-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் வணிக முறையிலான முதல் தொலைபேசி இணைப்பகம் திறக்கப்பட்டது. ஒரு சந்தாதாரரை மற்றொருவரோடு இணைக்க, அடுத்தடுத்து வந்த இணைப்பகங்களில் பலகை நிறையத் துளைகளும், கம்பி நுனியில் கால் அங்குலப் பருமனுள்ள உலோகத் தண்டுகளும் ஏற்பட்டன. இன்று மேடைப் பாடகரின் ஒலிபெருக்கிக் கருவியில் காணப்படும் பெரிய பிளக் அதன் நேர் வாரிசு. நம் தகரப் பெட்டியில் உள்ள 3.5 மில்லிமீட்டர் பிளக், டிரான்ஸிஸ்டர் வானொலிகளோடு பரவிய அதன் குட்டி வடிவம். எனவே, பலரை ஒரே கம்பியில் இணைப்பதற்காகப் பிறந்த பொருளே மறுபடியும் இருவரை இணைக்க நம் பெட்டிக்குள் வந்திருக்கிறது.

ஹெட்போனின் கதையும் சுவையானது. 1910-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த நத்தானியேல் பால்ட்வின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் ஒரு ஜோடி காதுக்கருவிகளைச் செய்து, சோதித்துப் பார்க்குமாறு அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பினார். அதுவரை கையாண்ட கருவிகளைவிட அவை மிக நுட்பமாகக் கேட்டமையால், கடற்படை மேலும் மேலும் கேட்டு வாங்கியது. இவ்வாறு, வானொலிக் காலத்தின் தலைசிறந்த காதுக்கருவியும் வீட்டில் கையால் செய்ததே என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும்.

இனி, பங்கீடு எவ்வாறு தொடங்கியது என்று பார்ப்போம். 1920-களில் எளியோர் கைக்கு எட்டிய வானொலி, படிக வானொலி ஒன்றே. ஒரு கம்பிச் சுருள், ஒரு படிகத் துண்டு, அதன்மேல் மெல்லத் தொட்டு நிற்கும் ஓர் ஊசிக் கம்பி, ஒரு காதுக்கருவி. இவ்வளவே அதன் உறுப்புகள். ஈயமும் கந்தகமும் சேர்ந்த கலீனா என்னும் கனிமமே பெரும்பாலும் படிகமாகப் பயன்பட்டது. மின்னலைகளைக் கண்டறிய அந்தக் கனிமத்தைப் பயன்படுத்தும் முறைக்கு 1904-ஆம் ஆண்டில் அமெரிக்கக் காப்புரிமை பெற்றவர் நம் ஜகதீச சந்திர போஸ் என்பது இந்தியர் யாவரும் பெருமையோடு எண்ணத்தக்க செய்தி.

இந்தப் படிக வானொலிக்கு மின்கலம் வேண்டாம்; மின்சார இணைப்பும் வேண்டாம். வான்கம்பியில் வந்து மோதும் அலைகளின் ஆற்றலே காதுக்கருவியின் தகட்டை அசைத்து ஒலி எழுப்பியது. வருமானம் அவ்வளவே, அதைக் கொண்டே வீட்டார் அனைவரும் கேட்டாக வேண்டும். ஆகவே மக்கள் பல வழிகளைக் கண்டனர். தலைப்பட்டையிலிருந்து இரு காதுக்கருவிகளையும் கழற்றி, ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு தலையோடு தலை சேர்த்து அமர்ந்தனர். பெரியதொரு பீங்கான் கிண்ணத்துள் காதுக்கருவியை வைத்து, அதைச் சுற்றி அமைதியாக உட்கார்ந்தனர். கிண்ணம் ஒலியைத் திரட்டித் தந்தது. மூன்றாவது வழி, ஒரு மரப்பலகையில் இணைப்புத் திருகுகளைப் பொருத்தி, இரண்டு மூன்று ஹெட்போன்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக் கேட்பது. நம் தகரப் பெட்டியின் பாட்டன் அந்த மரப்பலகையே.

தென்னாட்டில் இந்தக் காலம் சென்னையில் தொடங்கியது. 1924 மே 16-ஆம் நாள் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் அமைந்தது. அதே ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் அது ஒலிபரப்பத் தொடங்கியது. பணமுடையால் 1927-இல் கழகம் தன் பணியை நிறுத்தியபோது, அதன் ஒலிபரப்புக் கருவி சென்னை மாநகராட்சியிடம் சேர்ந்தது. மாநகராட்சி 1930 ஏப்ரல் முதல் தானே ஒலிபரப்பை மேற்கொண்டது. அத்துடன் அமையாது, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை நிறுவி, பெட்டி வாங்க இயலாத மக்களும் மாலை வேளையில் பாட்டும் பேச்சும் கேட்குமாறு செய்தது. 1938 ஜூன் 16-ஆம் நாள் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் திறக்கப்படும் வரை அந்தப் பணி நடந்தது. படிக வானொலிக்காரர் பலகையில் இரண்டு மூன்று பேருக்குப் பங்கிட்டதை, மாநகராட்சி ஆயிரக்கணக்கானோருக்குப் பங்கிட்டது என்று சொல்லலாம்.

கடல் கடந்து இலங்கையிலும் இதே காலத்தில் ஒரு புதுமை நிகழ்ந்தது. கொழும்பில் தந்தித் துறையின் பொறியியல் தலைவராயிருந்த எட்வர்ட் ஹார்ப்பர் 1923-இல் மத்தியத் தந்தி அலுவலகத்திலிருந்து சோதனை ஒலிபரப்பு நடத்தினார். பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலி உறுப்புகளைக் கொண்டே அந்தக் கருவி உருவாயிற்று என்பது இலங்கை வானொலியின் வரலாற்றில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. 1925 டிசம்பரில் கொழும்பு நிலையம் முறையாகத் தொடங்கியது. பிற்காலத்தில் தமிழ்நாட்டின் இல்லங்கள் தோறும் ஒலித்த இலங்கை வானொலி, கழித்த பொருளிலிருந்து முளைத்த செடி என்று எண்ணும்போது, நம் தகரப் பெட்டிக்கும் ஒரு குலப்பெருமை கிட்டுகிறது. மைசூரில் 1935-இல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி தம் இல்லத்திலேயே சிறிய நிலையம் ஒன்றை நிறுவி, ஆகாசவாணி என்னும் பெயரை நாட்டுக்கு வழங்கியதும் இவ்வகை முயற்சியே.

இரண்டாம் உலகப்போர் இந்தக் கைவினைக்கு ஒரு கடுஞ்சோதனையையும் ஒரு பெரும் வாய்ப்பையும் தந்தது. 1944-இல் இத்தாலியின் அன்ஸியோ கடற்கரையில் பதுங்குகுழிகளில் முடங்கிக் கிடந்த நேசநாட்டுப் படைவீரர்கள், துருப்பிடித்த சவர அலகையும் பென்சில் கரியையும் படிகத்துக்கு மாற்றாக வைத்து வானொலி செய்து கேட்டனர். செய்ய முடியாத உறுப்பு ஒன்றுதான்: காதுக்கருவி. அதை மட்டும் எப்படியோ தேடிப் பெற்றனர். போர் முடிந்தபின் இராணுவம் கழித்த வானொலிச் சாமான்கள் ‘டிஸ்போசல்ஸ்’ என்ற பெயரில் நம் நாட்டுச் சந்தைகளில் குவிந்தன. சென்னையில் மூர் மார்க்கெட்டில் வால்வுகளையும் மின்தேக்கிகளையும் காதுக்கருவிகளையும் பொறுக்கியெடுத்து வானொலிக் கலை பயின்ற ஒரு தலைமுறையே உண்டு. 1985-இல் அம்மார்க்கெட் தீக்கிரையான போது, அத்தலைமுறையினர் தம் பள்ளிக்கூடம் எரிந்ததாகவே வருந்தினர் என்றால் மிகையாகாது.

இனித் திருவனந்தபுரத்துக்குத் திரும்புவோம். அந்தப் போர்க்காலத்திலேயே, 1943 மார்ச் 12-ஆம் நாள், சித்திரைத் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் வானொலி நிலையத்தைத் தொடங்கி வைத்தார். நாடு விடுதலை பெற்றபோது பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்து நமக்குக் கிடைத்த வானொலி நிலையங்கள் ஆறே. மன்னர்களின் சமஸ்தானங்களில் ஐந்து நிலையங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று திருவனந்தபுரம். 1950 ஏப்ரல் முதல் நாள் அது அகில இந்திய வானொலியோடு இணைந்தது. கன்னியாகுமரிப் பகுதி 1956 நவம்பர் முதல் நாள் தமிழகத்தோடு சேரும்வரை திருவிதாங்கூரின் ஒரு கூறாகவே இருந்தமையால், நாகர்கோவில் தமிழருக்கும் திருவனந்தபுரமே அண்மை நிலையமாக விளங்கியது. நாகர்கோவிலுக்கெனத் தனி நிலையம் வாய்த்தது 1984 அக்டோபர் 30-ஆம் நாளில்தான். நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையமும் அதுவே.

நிலையம் வந்தது, கேட்கும் பெட்டிகள் எத்தனை பேரிடம் இருந்தன? விலையுயர்ந்த வால்வு வானொலியை வாங்கி, அதற்கு ஆண்டுதோறும் அரசுக்கு உரிமக் கட்டணமும் செலுத்தும் வசதி சிலருக்கே இருந்தது. எனவே கேரளத்து ஊர்களிலும் தமிழகத்து ஊர்களிலும் பூங்காக்களில் வானொலி மண்டபங்கள் எழுந்தன. பஞ்சாயத்து அலுவலகத்தின் வானொலிப் பெட்டியும், வேப்பமரத்திலோ கம்பத்திலோ கட்டிய ஒலிபெருக்கியும் மாலைநேரத்து ஊர்க்கூட்டத்தின் நடுநாயகமாயின. செய்தி வாசிக்கும் நேரத்தில் பீடி சுருட்டுபவரும் நெல் அளப்பவரும் ஒரே வாக்கியத்தை ஒரே நொடியில் கேட்டனர். 1956-இல் பூனா வட்டாரத்தில், ஒரு நூற்றைம்பது கிராமங்கள் அளவில், வானொலியைக் கூடிக் கேட்டுப் பின் கூடி விவாதிக்கும் மன்றங்களை அமைத்துச் சோதித்தனர். அதன் பயன் கண்டு 1959 நவம்பரில் நாடெங்கும் வானொலி ஊர்மன்றங்கள் தொடங்கப்பட்டன.

வள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களுக்கு அடுத்தபடியாகக் கேள்வியை வைத்தார். எழுத்தறியாதவனும் கேட்டறியலாம் என்பது அவ்வதிகாரம் தரும் ஆறுதல். அந்த ஆறுதலுக்குக் கம்பியும் கம்பமும் அமைத்துக் கொடுத்தது ஊர் வானொலி. அதில் ஓர் இழப்பும் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. எதைக் கேட்பது, எப்போது நிறுத்துவது என்பதை முடிவு செய்தவர் திருகாணியைக் கையில் வைத்திருந்தவரே. பகலெல்லாம் வேலை செய்த பெண்கள் அந்த மாலைக் கூட்டத்தில் பெரும்பாலும் இல்லை. பங்கீடு நேர்ந்தது, ஆயினும் பங்கு எல்லார்க்கும் ஒத்ததாக இல்லை.

டிரான்ஸிஸ்டர் வந்தபின் நிலை மாறியது. வானொலி கையடக்கமாயிற்று, விலையும் இறங்கியது, 1980-களில் உரிமக் கட்டணமும் ஒழிந்தது. கேட்பது வீட்டுக்குரியதாகி, பின் தனியொருவருக்குரியதாயிற்று. இந்த மாற்றத்தின் எல்லைக்கல் என 1979 ஜூலை முதல் நாளைச் சொல்லலாம். அன்றுதான் ஜப்பானில் சோனி நிறுவனத்தின் வாக்மன் விற்பனைக்கு வந்தது. தெருவில் நடந்துகொண்டே தனியே பாட்டுக் கேட்க உதவிய அந்தக் கருவியின் முதல் வடிவத்தில் ஹெட்போன் செருகும் துளைகள் இரண்டு இருந்தன என்பதை இன்று பலர் அறியார். ஒருவர் மட்டும் காதை மூடிக்கொண்டு கேட்பது உடனிருப்பவரை அவமதிப்பதாகும் என்று நிறுவனத் தலைவர் அகியோ மொரிதா அஞ்சியதே அதற்குக் காரணம். மக்களோ தனியே கேட்கவே விரும்பினர். பிற்காலக் கருவிகளில் இரண்டாவது துளை மறைந்தது. மறைந்த அந்தத் துளையைத்தான் நம் தகரப் பெட்டி மீட்டுத் தருகிறது.

அதற்கு வேண்டிய உறுப்புகள் திருவனந்தபுரத்தில் கிடைப்பதில் வியப்பில்லை. 1963 நவம்பர் 21-ஆம் நாள் அருகிலுள்ள தும்பாவிலிருந்து நாட்டின் முதல் ஆய்வு ராக்கெட் பறந்தது. மாநில அரசின் மின்னணு நிறுவனமான கெல்ட்ரான் 1973-இல் இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்டு தோன்றியது, கே. பி. பி. நம்பியார் அதனை வழிநடத்தினார். பதினெட்டாம் நூற்றாண்டில் திவான் ராஜா கேசவதாசர் வளர்த்த சாலைக் கடைத்தெருவில் அரிசியும் பலசரக்கும் பாத்திரமும் விற்ற இவ்வூர், மின்னணுத் தொழிலின் ஊருமாயிற்று. தொழில் வளர்ந்த இடத்தில் கழிவும் வளர்தல் இயல்பு.

பெட்டியை எவ்வாறு செய்தோம் என்பதை இப்போது சொல்வோம். ஸ்டீரியோ பிளக்கில் மூன்று பகுதிகள் உண்டு. நுனி இடக்காதுக்கு, நடுவளையம் வலக்காதுக்கு, அடித்தண்டு இரண்டுக்கும் பொதுவான திரும்பு வழி. பிளக்கிலிருந்து வரும் மூன்று கம்பிகளையும் இரண்டு ஜாக்குகளின் மூன்று முனைகளுக்கும் கிளை பிரித்துக் கொடுக்க வேண்டும்: நுனிக்கு நுனி, வளையத்துக்கு வளையம், பொதுவுக்குப் பொது. ஒவ்வொரு ஜாக்குக்கும் செல்லும் இட, வலக் கம்பிகளின் நடுவே ஒவ்வொரு சிறு மின்தடை. நாம் வைத்தவை 33 ஓம் அளவுள்ளவை. செம்மஞ்சள், செம்மஞ்சள், கறுப்பு என்ற பட்டைகளைக் கொண்டு அவற்றை அடையாளம் காணலாம். ஒருவருடைய ஹெட்போனில் பழுது நேர்ந்து கம்பிகள் ஒட்டிக்கொண்டாலும், மற்றவருடைய ஒலி அடியோடு நின்றுவிடாமல் காப்பது இந்த மின்தடையே. கம்பிகள் தகரத்தில் படாதிருக்கப் பெட்டியின் உட்புறம் தடித்த அட்டை ஒட்டினோம்.

எல்லாம் முடித்து ஒரு திரைப்பாட்டைச் செலுத்தியபோது விந்தையொன்று நிகழ்ந்தது. வயலின்களும் தாளக்கருவிகளும் கேட்டன. பாடுபவர் குரலை மட்டும் காணோம். கேட்ட இருவரும் ஒருவரையொருவர் பார்த்து விழித்தோம். காரணம் பின்னர் விளங்கிற்று. பழைய ஹெட்போன் கம்பியின் இழைகள் கண்ணுக்குத் தெரியாத வார்னிஷ் பூச்சு உடையவை. அதைச் சூட்டுக்கோலால் எரித்து நீக்காமல் பற்றவைத்தால் ஈயம் மேலே ஒட்டியதுபோல் இருக்கும். மின்சாரம் மட்டும் போகாது. நம் பெட்டியில் பொதுக் கம்பி அவ்வாறு பற்றாமல் நின்றது. திரும்பு வழி இல்லாத மின்னோட்டம் இடக்காதிலிருந்து வலக்காது வழியே சென்றது. அந்நிலையில் இரு பக்கமும் ஒத்திருக்கும் ஒலி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். வேறுபடும் ஒலி மட்டுமே எஞ்சும். பாடுபவர் குரலை நடுவில் வைத்து இரு பக்கமும் சமமாகப் பதிவது வழக்கமாதலால், மறைந்தது குரல். பொதுவான கம்பி அறுந்தால் நடுவில் நிற்பவர் குரல் முதலில் மறையும் என்ற இப்பாடம் மின்சாரத்துக்கு மட்டும் உரியதோ, அறியோம்.

இரண்டாவது பிழை வேறு வகையானது. ஒரு துளையில் இக்காலத்து 32 ஓம் ஹெட்போனையும், மறுதுளையில் பழங்காலத்து 2000 ஓம் காதுக்கருவியையும் இணைத்துப் பார்த்தோம். பழையது ஏறக்குறைய ஊமையாயிற்று. பழையதற்குக் கிடைக்கும் மின்னழுத்தம் குறைவானதன்று. ஆனால் தடை குறைந்த கருவி பல மடங்கு மிகுதியான ஆற்றலை ஈர்த்துக்கொள்கிறது. ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தாலோ நிலை தலைகீழாகும். தடை மிகுந்ததே ஆற்றலில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே ஒத்த கருவிகளையே ஒரு பெட்டியில் இணைத்தல் வேண்டும். தடை கூடியவையும் குறைந்தவையும் கலந்து வந்த டிஸ்போசல்ஸ் காதுக்கருவிகளைக் கையாண்ட மூர் மார்க்கெட் தலைமுறை, இப்பாடத்தை நூலில் படிப்பதற்கு முன் காதால் கற்றிருக்கும்.

மூன்றாவதாக, ஒவ்வொருவரும் தத்தம் ஒலியளவைத் தாமே கூட்டிக் குறைக்கத் திருகாணி வைக்க எண்ணினோம். பழைய கருவிகளிலிருந்து கிடைத்த வால்யூம் கண்ட்ரோல்கள் பத்தாயிரம் ஓமும் அதற்கு மேலும் ஆனவை. 32 ஓம் ஹெட்போனுக்கு அவை பொருந்தா. முக்கால் பங்கு திருகும்வரை ஒலி மிக மெல்லியதாக இருந்து, கடைசியில் திடீரென்று உரக்கக் கத்தும். சில நூறு ஓம் அளவுள்ளது கிடைத்தால் வைக்கலாம். கிடைக்காத இடத்தில் நிலையான மின்தடையே நன்று. எறிந்த பொருளைக் கொண்டு செய்பவர், கிடைத்ததற்கேற்பத் தம் விருப்பத்தைச் சுருக்கிக்கொள்ளவும் அறிந்திருத்தல் வேண்டும்.

இருவர் கேட்டால் ஒவ்வொருவருக்கும் ஒலி பாதியாகிவிடாதோ என்ற ஐயம் எழுவது இயல்பே. இங்கேதான் நம் செவியின் ஓர் அரிய இயல்பை நினைவூட்ட வேண்டும். ஆற்றல் பாதியானால் அது 3 டெசிபெல் குறைவு மட்டுமே. செவிக்கு அது சிறிதளவு மெலிவாகவே தோன்றும். ஒலி பாதியாகிவிட்டது என்று செவி உணர்வதற்கு, ஆற்றல் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறைய வேண்டும். அஃதாவது, ஓரளவு நன்றாகக் கேட்கும் ஒலியைப் பத்துப்பேர் சமமாகப் பங்கிட்டுக்கொண்டாலும், ஒவ்வொருவரும் ஏறக்குறையப் பாதியைப் பெற்றதாகவே உணர்வர். சோற்றைப் பத்துப்பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கே. ஒலியின் கணக்கோ இவ்வாறு தாராளமானது. கிண்ணத்தைச் சுற்றி அமர்ந்த குடும்பமும், கம்பத்தின் அடியில் நின்ற ஊரும் இக்கணக்கை எழுதிப் பார்த்ததில்லை. ஆனால் அதன் பயனைத் துய்த்தன.

இன்றைய நிலை என்ன? 2016-இல் ஆப்பிள் நிறுவனம் தன் புதிய தொலைபேசியிலிருந்து ஹெட்போன் துளையை நீக்கியது. பிற நிறுவனங்கள் பலவும் அவ்வழியே சென்றன. கம்பியில்லாத காதுப்பொறிகள் பெருகின. பசை வைத்து மூடிய அக்கருவிகளுள் இருக்கும் சின்னஞ்சிறு மின்கலம் சில ஆண்டுகளில் தளர்ந்தால், திறந்து மாற்றுவது அரிது, குப்பைக்கே செல்கின்றன. ஒரே ஒலியைப் பலர் கம்பியின்றிக் கேட்க உதவும் ஆராகாஸ்ட் என்னும் முறை 2022-இல் அறிவிக்கப்பட்டது. அதுவும் நல்லதே. ஆனால் அதற்கேற்ற புதுக்கருவி ஒவ்வொருவரிடமும் இருத்தல் வேண்டும். நான்கு மின்தடையும் இரண்டு ஜாக்கும் செய்த வேலைக்குப் புதுக்கருவி வாங்க இயலாதவன், மறுபடியும் கூட்டத்துக்கு வெளியே நிற்கிறான்.

மின்னணுக் கழிவைத் திரட்டி முறையாகப் பிரிக்க நம் நாட்டில் 2012 முதல் விதிகள் நடைமுறையில் உள்ளன. கேரளத்திலும் இதற்கெனப் பொது நிறுவனம் பணியாற்றுகிறது. ஈயமும் நச்சுப்பொருளும் கலந்த பலகைகளைத் தெருவில் எரிப்பது கொடுமை. முறையான இடத்துக்கே அவை செல்லல் வேண்டும். அவ்வாறு அனுப்புமுன், இன்னும் உயிருள்ள ஜாக்கையும் கம்பியையும் மின்தடையையும் ஒரு மாணவன் கழற்றி எடுப்பானாயின், கழிவும் அந்த அளவுக்குக் குறையும். ஒரு கல்வியும் கிடைக்கும். கேரளத்தின் பள்ளிகளில் 2018 முதல் லிட்டில் கைட்ஸ் என்னும் மாணவர் மன்றங்கள் கணிப்பொறியோடு மின்னணுவியலையும் பயிற்றுகின்றன. ஒரு கணிப்பொறியின் முன் இரண்டு மாணவர் அமரும் வகுப்பறையில், இருவரும் ஒரே பாடத்தை ஒரே வேளையில் பிறருக்கு இடையூறின்றிக் கேட்க, இத்தகைய பெட்டி ஒன்று போதும். அதை அம்மாணவரே செய்துகொள்ளவும் கூடும்.

சூட்டுக்கோலைக் கையாளும்போது பெரியவர் ஒருவர் உடனிருத்தல் வேண்டும். பற்றவைத்தபின் கையைக் கழுவுதலும் வேண்டும். சுவர் மின்சாரத்தோடு இணைந்த பழைய கருவியை இணைப்பிலிருந்து நீக்காமல் ஒருபோதும் திறத்தலாகாது. அதன் பெரிய மின்தேக்கிகளில் மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். ஆதலின் இணைப்பை நீக்கியபின்னும் அனுபவமுள்ளவரைக் கொண்டே திறத்தல் நலம். நம் பெட்டிக்கோ மின்சார இணைப்பும் இல்லை, மின்கலமும் இல்லை. படிக வானொலியைப் போலவே அது வந்ததைப் பகிர்வது மட்டுமே செய்கிறது.

இப்போது அந்தப் பெட்டியில் பொதுக் கம்பியைச் சுரண்டிச் சரியாகப் பற்றவைத்துவிட்டோம். பாடுபவர் குரல் திரும்பி வந்துவிட்டது. மாலையில் செய்தி கேட்கும்போது இரண்டாவது துளையில் யாரேனும் ஒருவர் தம் ஹெட்போனைச் செருகுகிறார். சில நாட்களில் அத்துளை வெறுமையாக இருக்கும். அதை அடைத்துவிட நமக்கு மனம் வரவில்லை.